மேனேஜரின் கட்டிலுக்கு நான்கு கிண்ணங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுப் பின்வராந்தாவில் இருந்தவர்கள்: கால்நடை டாக்டரம்மா, வீட்டிலிருக்கும் ஒரே கைவைத்த நாற்காலியில்; பஸ் ஓட்டும் என் தம்பி, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல்; என் மனைவி, தையல் மிஷின் முன்னால் முக்காலியில், தைக்க எதுவும் இல்லாமலே; நான், சுவரோரமாக, நின்றபடி. ஐந்தாமவர் மேனேஜர். அவர் தன் ஓட்டுக்குள் இருந்தார். அவரைப் பற்றித்தான் கூட்டம்.

மேனேஜர் என் தங்கையின் ஆமை. விரித்த கையளவு இருக்கும் தரை ஆமை. தாமதமாக வந்து, நாலு பக்கமும் பார்த்து, சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவதால் தம்பி வைத்த பெயர். தங்கை கப்பலில் நர்ஸ். இரண்டு வருட வேலை முடியும்வரை ஆமையை எங்களிடம் விட்டிருக்கிறாள். மாதம் ஒரு கடிதம் நான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், கடிதம் என்றால் தூக்கம் வராதபோது எடுத்துப் படிக்கலாம் என்பது அவள் கட்சி.

அவளுடைய கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. எங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டுமாம். கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் பெரிய தோட்டம் இருக்கிறதாம், அவள் அம்மா வாங்கிக்கொள்ளத் தயாராம். அந்த வரியை என் மனைவி மூன்று முறை படித்தாள். முதல் வாரத்தில் “இந்தக் கல்லை யாரு கட்டி மேய்க்கிறது” என்று கேட்டவள் அவள்தான். இப்போது ஆமைத் தொட்டி அவள் தையல் மிஷினிலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கிறது. ரவிக்கை அளவு சரியில்லை என்று வாடிக்கையாளர் சண்டை போட்டுவிட்டுப் போனால், நியாயம் கேட்பது மேனேஜரிடம்தான்.

தொட்டி என்பது ஒரு பழைய மரக்கட்டில். சுற்றிலும் பலகை அடித்து, மண் கொட்டி, ஒரு மூலையில் பாதி உடைந்த பானையைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். சூட்டுக்கு மேலே ஒரு விளக்கு தொங்குகிறது. வியாழக்கிழமை அங்கே எறும்பு வந்தது. வெள்ளி மாலையிலிருந்து மேனேஜர் தலையை வெளியே நீட்டவில்லை. சனிக்கிழமை முழுக்க வாயில் எதுவும் வைக்கவில்லை. அதனால்தான் டாக்டரம்மா வந்திருந்தார்.

அவர் மேனேஜரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மண்ணை விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார். எறும்புக்கு ஏதாவது பொடி போட்டீர்களா என்று கேட்டார். போடவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். போட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது என்பது என் நினைப்பு.

“போட்டேன்” என்றாள் என் மனைவி.

“எங்க?”

“கட்டில் காலைச் சுத்தி. அப்புறம், உள்ளயும். ஓரமா. கண்ணு மேலயே எறும்பு ஊறுது டாக்டரம்மா. அதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?”

டாக்டரம்மா திட்டவில்லை. எறும்புக்குப் போடும் பொடியோ சாக்கட்டியோ ஆமை இருக்கும் இடத்துக்கே வரக் கூடாது, அது வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகிற பிராணி, பொடி பட்ட புல்லையே தின்னும் என்று விளக்கினார். பொடி டப்பாவை வாங்கிப் படித்தார். மேனேஜரை வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கிற மட்டத்தில், இரண்டு முறை தண்ணீர் மாற்றி உட்காரவைத்துக் கழுவ வேண்டும். மண் முழுவதையும் கொட்டிவிட்டு, பலகையை அலசி வெயிலில் காயவைத்து, புது மண் போட வேண்டும். புதன்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குமுன் வாயில் நுரை கண்டாலோ கால் நடுங்கினாலோ உடனே ஓடிவர வேண்டும் என்றார்.

பிறகு அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே என் அட்டவணை ஒட்டியிருந்தது. கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பிட்டு நான் தயாரித்தது. காலை கீரை, நான். மதியம் புல்லும் செம்பருத்தி இலையும், மனைவி. மாலை பூசணித் துண்டு, தம்பி. ஒவ்வொன்றுக்கும் நேரம், கையெழுத்து. நான் அலுவலகத்தில் தபால் பிரிவு. வருவது போவது எதுவும் பதிவில்லாமல் நகராது.

“அட்டவணை பிரமாதம்” என்றார் டாக்டரம்மா. “குடுக்க மூணு பேர் இருக்கீங்க. மிச்சத்தை எடுக்கிறது யாரு?”

நான் அட்டவணையைப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

“மேனேஜரே பார்த்துக்குவாருன்னு நெனச்சேன்” என்றான் தம்பி.

டாக்டரம்மா பானையைத் தூக்கினார். உள்ளே காய்ந்த பூசணித் தோல்கள், கொழகொழத்துப்போன கீரை, யாரும் கையெழுத்துப் போடாத ஒரு முலாம்பழத் துண்டு. அதன் மேல் எறும்புகள் கல்யாணக் கூட்டமாக மொய்த்தன. முலாம்பழம் யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. தம்பி வாளியிலிருந்து எழுந்து தண்ணீர் சூடு பண்ணப் போனான்.

அன்று முழுவதும் வேலை. டாக்டரம்மா சொன்னபடி, கட்டில் கால் நான்கையும் நான்கு அகலக் கிண்ணங்களில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டோம். சோப்பு விட்டால் எறும்பால் தண்ணீர் மேல் நடக்க முடியாது. மேனேஜருக்கோ கிண்ணம் எட்டாது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். வராந்தாத் தரையில் எறும்பு வந்த தடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தோம். குளித்து முடித்த மேனேஜர், கட்டிலில் புது மண் விழும்வரை, என் மனைவி மடியில், துணியில் சுற்றியபடி, கண் மூடிக் கிடந்தார்.

திங்கட்கிழமை காலை பார்த்தால் மறுபடி எறும்பு. கிண்ணங்கள் நான்கும் அப்படியே இருந்தன. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்று எண்ணினேன். முப்பத்தொன்று. எந்த வழியாக வருகின்றன என்பது மட்டும் பிடிபடவில்லை. வேலைக்குக் கிளம்பிய தம்பி அண்ணாந்து பார்த்தான்.

“அண்ணே, அவங்களுக்குத் தனியா பாலம் கட்டிக் குடுத்திருக்கோம்.”

விளக்கின் ஒயர். கூரைக் கொக்கியிலிருந்து இறங்கி, பலகையில் சாய்ந்திருந்தது. பலகையில் படாதபடி அதைத் தூக்கிக் கட்டினோம். விளக்குச் சூடு எட்டாத உயரத்தில், கொக்கிக்குப் பக்கத்தில், ஒயரைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு, எறும்பு வழுக்கும்படி வாஸ்லின் தடவினோம். செவ்வாய்க்கிழமை ஒரு எறும்பும் இல்லை. மேனேஜரும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை அலுவலகத்துக்கு போன் வந்தது. என் மனைவி பேர் சொல்லவில்லை, ஹலோ சொல்லவில்லை. “கடிச்சிட்டாரு” என்றாள். செம்பருத்தி இலை, பாதி.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, கடிதம் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நாள்வாரியாக எழுதி என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை உன் அண்ணி எறும்புப் பொடி தூவினாள் என்ற இடம் வந்தபோது அவள் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எழுதுங்க. உண்மைதானே.” இன்னொரு தையலைப் பிரித்துவிட்டு, “இதைப் படிச்சா தோட்டத்துக்கே அனுப்புங்கன்னுதான் எழுதுவா” என்றாள்.

நான் பேனாவை மூடப் போனேன்.

“ஆனா எறும்பு ஏன் வந்துச்சுன்னு அதுல இல்லையே” என்றாள்.

எறும்பு எங்கேதான் வராது என்று ஏதோ சொன்னேன். அவள் கத்தரிக்கோல் நுனியால் சுவரைக் காட்டினாள். அட்டவணை அங்கேயே இருந்தது, சிவப்புத் தலைப்போடு.

தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இந்த முறை வியாழக்கிழமைக்கு முன்னாலிருந்தே ஆரம்பித்தேன். மிச்சத்தை எடுக்க ஆள் போடாதது என் தப்பு, எறும்பு வந்தது அதனால், உன் அண்ணி பொடி போட்டது எறும்பைப் பார்த்து என்று வரிசையாக எழுதினேன். முலாம்பழத்தையும் எழுதினேன், பேர் போடாமல். அடியில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் கையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு எழுதினாள்: “இங்கேயே இருக்கட்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மிச்சத்தை நான் எடுத்துவிடுகிறேன்.” கீழே நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டாள்.

உறை ஓரத்துக்குப் பசை தடவி ஒட்டி, எடைக்காக இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் ஐந்து நிமிடம் வைத்தாள். ராத்திரி டூட்டிக்குக் கிளம்பிய தம்பி உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தபால்பெட்டி அவன் முதல் ஸ்டாப்பிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.