பதினோராவது கை

தடுப்பூசி அறையில் காலையில் என் முதல் வேலை, குளிர்பெட்டியின் கதவில் இருக்கும் வெப்பமானியைப் பார்ப்பது. கடைசியாக அழுத்தியதிலிருந்து பெட்டி எவ்வளவு சூடானது, எவ்வளவு குளிர்ந்தது என்று இரண்டு எண்களை அது வைத்திருக்கும். பார்த்து, தாளில் எழுதி, அதன் பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பழைய எண்கள் போய்விடும். இந்த வரிசை மாறக் கூடாது என்று பெரியக்கா, எங்கள் தலைமை நர்ஸ், சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை நான் முதலில் பொத்தானை அழுத்திவிட்டேன்.

விரலை எடுப்பதற்குள் ஒரு எண் தெரிந்து மறைந்தது. ஒன்று புள்ளி ஏதோ. அதற்கு முன்னால் ஒரு சிறிய கோடு இருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் வரும் கோடு. பிறகு திரையில் நான்கு என்று நின்றது. தாளில் நான்கு என்று எழுதினேன்.

காய்ச்சல் ஊசி மருந்து உறையக் கூடாது. உறைந்து உருகினாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும், நிறம் மாறாது. போட்டுக்கொண்டவருக்குக் கெடுதலும் இல்லை. வேலை செய்யாது, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து அடித்தட்டில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஈரத்தில் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரும் இல்லாத கிளினிக்கில் அது உறைந்து, பிறகு உருகியிருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வெளியே வரிசை படிக்கட்டு வரை போயிருந்தது. போன குளிர்காலத்துக் காய்ச்சல் எல்லோர் வீட்டிலும் ஒரு நாற்காலியையாவது காலி செய்திருந்ததால், இந்த வருடம் முதல் வாரத்திலேயே கூட்டம். நான் தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "அடுத்தவங்க வாங்க" என்றேன். என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

பதினோராவது ஆளாக அண்ணன் வந்தான்.

சட்டைக் கையைத் தோள் வரை மடித்துக்கொண்டே உள்ளே வந்தான். முகத்தில் இரண்டு முகக்கவசங்கள், ஒன்றின் மேல் ஒன்று.

"பொடிசு, கூட்டத்தைப் பார்த்தியா? படிக்கட்டுல ஒருத்தர் தும்மினார். நான் ஒரு மாடி இறங்கிப் போயிட்டு மறுபடி ஏறி வர்றேன்."

"அதான் மூச்சு வாங்குது."

"ஏறினதுல இல்ல, பயத்துல வாங்குது. சீக்கிரம் குத்து, மனசு மாறிடப் போகுது."

அவனுக்குப் பின்னால் நின்ற பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எட்டிப் பார்த்தார். "தம்பி, முகக்கவசம் ரெண்டு போட்டிருக்கீங்களே, ஊசியும் ரெண்டா?"

"கேட்டேன் சார். ஒண்ணுக்கு மேல தரமாட்டேங்குறா. கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்கல. மகா கஞ்சம்."

டிரைவர் சத்தமாகச் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். ஒன்பது மாதமாக அவன் சிரித்து நான் கேட்டதில்லை. பஞ்சால் துடைத்தேன். ஊசியைப் போட்டேன்.

ஒன்பது மாதங்களுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அண்ணி துணி மடித்துக்கொண்டே, "சும்மா ஜுரம்தான், ரெண்டு மாத்திரை போட்டா ஓடிடும்" என்றாள். வெள்ளிக்கிழமை அவள் இல்லை. நான் ஊசி அறையில் வேலை பார்த்தும், என் அண்ணி அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு ஊசி போட்டுக்கொள்ளாமலே போனாள். அதன் பிறகு அண்ணன் வீட்டை விட்டு இறங்கவில்லை. எத்தனை குளிரிலும் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். கதவின் கைப்பிடியை நான் தொட்ட ஒவ்வொரு முறையும் துடைப்பான். கைகழுவும்போது இருபது வரை எண்ணுவது எனக்கு அடுத்த அறையில் கேட்கும். வேலையிலிருந்து வந்தால் நான் குளித்த பிறகுதான் பேசுவான்.

அவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். இருட்டறையில் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து மற்றவர் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். "ஒரு நாளைக்கு முப்பது பேர் மூச்சு என் மூஞ்சியில" என்பான். கடையின் முதலாளியம்மா ஒன்பது மாதம் பொறுத்துவிட்டு, இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஊசி வந்ததும் போட்டுக்கொண்டு, அது உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் விட்டு, பிறகு போவது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான்.

எனக்கு அந்த ஒன்பது மாதமும் எதுவும் ஆகவில்லை. அழவும் இல்லை. கைகள் வேலைக்குப் போய்வந்தன, நானும் கூடப் போய்வந்தேன்.

அன்று முப்பத்தொரு பேருக்குப் போட்டேன். அத்தோடு அந்தச் சரக்கு தீர்ந்தது. மதியம் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பெட்டியில் குளிர் கூடுதலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் புது மருந்து வந்தது.

வீட்டில் அண்ணன் மாறத் தொடங்கினான். மூன்றாம் நாள் தாடியை எடுத்தான். ஐந்தாம் நாள் கையுறை இல்லாமல் கீழே கடைக்குப் போய் முட்டை வாங்கிவந்தான். எட்டாம் நாள் சட்டைகள் ஐந்தையும் இஸ்திரி போட்டு வரிசையாகத் தொங்கவிட்டான்.

"பதினாலு நாள் ஆகட்டும். அப்புறம் பாரு, எவன் வேணா என் மூஞ்சியில இருமட்டும்."

"முகக்கவசத்தைக் கழட்டிடாத."

"கழட்டுவேனா? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று உட்காருவேன். அவன் பேசிக்கொண்டிருப்பான். சொன்னால் மறுபடி அந்த அறைக்குள் போய்விடுவான், இந்த முறை வரவே மாட்டான் என்று தோன்றும். சொல்லாவிட்டால் இருட்டறையில் முப்பது பேர் மூச்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எதுவும் குத்தாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. முதலாளியம்மாவிடம் போனில் பேசிவிட்டு அண்ணன் சாப்பிட வந்து உட்கார்ந்தான்.

"திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன். அந்தம்மாவுக்கு நம்பிக்கையே வரல. மூணு தடவை கேட்டுச்சு." ரொட்டியைப் பிய்த்தான். "உன் கையால போட்ட ஊசி, பொடிசு. அதான் தைரியமே."

"அது வேலை செய்யாது" என்றேன்.

"எது?"

"உனக்குப் போட்ட மருந்து. உறைஞ்சு போயிருந்தது. வெறும் தண்ணி மாதிரிதான்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "எப்ப தெரிஞ்சது?"

"அன்னிக்குக் காலையில."

"நான் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"தெரிஞ்சே போட்டியா?"

"நீ சட்டைக் கையை மடிச்சுக்கிட்டே வந்த."

"அதனால?"

"திரும்பிப் போன்னு சொன்னா, நீ மறுபடி வரமாட்ட."

"மிட்டாய் கொடுத்து ஏமாத்த நான் என்ன குழந்தையா?" குரல் உயரவில்லை. "மத்தவங்க எத்தனை பேர்?"

"முப்பது."

"அவங்க எல்லாரும்கூட சட்டைக் கையை மடிச்சுக்கிட்டுத்தான் வந்தாங்களா?"

அவன் எழுந்து தன் தட்டைக் கழுவினான், இரண்டு பக்கமும். கைகழுவினான். அன்று அவன் எண்ணவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், பேனாவைக் கீழே வைக்காமலே முழுவதையும் கேட்டார்.

"மறுபடி போட்டா ஆபத்து ஒண்ணும் இல்ல. லிஸ்டை எடு. நீயே கூப்பிடு. ஒவ்வொருத்தர்கிட்டயும் உன் வாயாலயே சொல்லு."

பெரியக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "சுவத்துல எழுதி ஒட்டினது அழகுக்குன்னு நினைச்சியா?" என்று சுவரிடம் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து எனக்குக் கோப்பு அறை என்று முடிவானது.

போனை எடுத்து வரிசையாகக் கூப்பிட்டேன். ஒரே வாக்கியத்தை முப்பது தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர், "ரெண்டாவதுக்கும் அதே கையா, இல்ல மாத்திக் குடுக்கணுமா?" என்றார். ஒரு அம்மாள், "நீங்க கெடுத்து வைப்பீங்க, நான் வந்து ரெண்டு தடவை கத்தணுமா?" என்று கேட்டு, மூச்சு விடாமல் திட்டிவிட்டு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஒரு இளைஞன் சொன்னதற்கு நன்றி என்றான். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பன்னிரண்டாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். டிரைவரின் மகள்.

"அப்பா வியாழக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில இருக்காரு. மூச்சுக்குக் குழாய் வெச்சிருக்காங்க. ஊசி போட்டும் இப்படி ஆயிடுச்சேன்னுதான் பேசிக்கிட்டிருந்தோம்."

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "வியாழக்கிழமைன்னா பத்து நாள்தான் ஆகுது. நல்ல மருந்தா இருந்தாலும் அதுக்குள்ள முழுசா வேலை செஞ்சிருக்காது" என்றார்.

"கொஞ்சம் செஞ்சிருக்குமா?"

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

திங்கட்கிழமை காலை கிளினிக் திறந்ததும் முதல் ஆளாக அண்ணன் வந்தான். கோப்பு அறையைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போனான். பெரியக்காவிடம் கையை நீட்டினான். பதினைந்து நிமிடம் பெஞ்சில், இருமுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பிறகு வீட்டுக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் கேட்டேன். "இன்னும் ரெண்டு வாரம் ஆகணுமே."

"தெரியும்."

"அப்புறம் ஏன் போன?"

"வீட்டுல உன் எதிர்ல உக்காந்திருக்கறதுக்கு அங்கேயே பரவாயில்ல."

அதற்கப்புறம் பேச்சு நின்றது. சொன்னால் அறைக்குள் போய்விடுவான் என்று பன்னிரண்டு நாள் பயந்தேன். சொன்னதும் வெளியே போனான். என்னிடமிருந்து தப்பிக்கத்தான் போனான். முகக்கவசத்தோடு கிளம்புவான், ஏழு மணிக்கு வருவான், குளிப்பான், தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடுவான். அவன் இருமுகிறானா என்று சுவரில் காதை வைத்துக் கேட்பேன். இருமவில்லை.

நான்காவது வாரம் டிரைவர் வீடு திரும்பினார். நான் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுந்து நடக்க ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். மகளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாட்களில் என் கண்ணுக்குக் கோப்புகளில் எழுத்துகள் கரையத் தொடங்கின. மதிய இடைவேளையில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். முதலாளியம்மா என் பெயரைச் சீட்டில் எழுதி, யார் என்று கேட்காமல் உள்ளே அனுப்பினார்.

இருட்டறையில் அண்ணன் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டான்.

"உக்காருங்க" என்றான்.

உட்கார்ந்தேன்.

"தாடையை இங்க வைங்க. நேரா பாருங்க. சிமிட்டாதீங்க."

அவன் என்னை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. விளக்கை என் கண்ணுக்குள் அடித்தான். ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். முகக்கவசத்துக்குள் அவன் மூச்சு ஒரே சீராகப் போய்வந்தது. மற்ற கண்ணையும் பார்த்தான். அவசரப்படவில்லை. வேறு யாராக இருந்தாலும் இப்படித்தான் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணு ரொம்ப வறண்டிருக்கு. எத்தனை நாளா இப்படி?"

"பத்து மாசம் இருக்கும்."

விளக்கு அணைந்தது. இருட்டில் அவன் எழுதும் சத்தம் மட்டும் கேட்டது.

"சொட்டு மருந்து எழுதியிருக்கேன். சாயங்காலம் ஒரு தடவை, படுக்கறப்ப ஒரு தடவை. தானா போட்டுக்கிட்டா பாதி கன்னத்துல போயிடும்." பேனா நின்றது. "வீட்டுல போட்டுவிட யாராவது இருக்காங்களா?"

"அண்ணன் இருக்கான்."

சீட்டைக் கிழித்து நீட்டினான். நான் வாங்கிக்கொண்டு எழுந்தேன். கதவருகே போன பிறகு அவன் குரல் வந்தது.

"அவன் வர ஏழு மணி ஆகும்."