நிறைந்த விமானம்

வானத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. காலையில் வர வேண்டிய விமானம் உச்சி வெயில் ஆகியும் வந்து சேரவில்லை. வேறு நாளாக இருந்தால் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அன்றைக்கு அப்படி விட முடியாது. தலைமை அலுவலகத்திலிருந்து வழித்தட மேலாளர் அதில்தான் வருகிறார். வந்து, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதே விமானத்தில் திரும்பிவிடுவார். எங்கள் ஊருக்கு இனி விமானம் உண்டா இல்லையா என்பது அந்த அம்மாள் கையில்தான் இருந்தது.

சேவையை நிறுத்தினால் ஊருக்கு ஒரு விமானம்தான் போகும். எனக்குக் குடும்பமே போகும். நான் இங்கே நிலையப் பொறுப்பாளர். பெயர்தான் பெரிது. டிக்கெட் பார்ப்பது, பெட்டி எடை போடுவது, மைக்கில் கத்துவது, கழிவறையைப் பூட்டுவது எல்லாம் நானே. நிலையத்தை மூடினால் என்னைத் தலைமை அலுவலகத்துக்குத் தூக்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கோ இங்கே வெல்டிங் பட்டறை. "பட்டறையை விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன். போறதுன்னா நீ மட்டும் போ" என்று போன வாரம் கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை, நன்றாகவே திட்டினேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான்.

இந்த நிலைமையில்தான் என் அண்ணன் வந்து குதித்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர். "நீ ஏன்டி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கே? சீட்டு காலியா இருந்தாத்தானே நிறுத்துவாங்க? அந்தம்மா வர்ற அன்னைக்கு நான் நிரப்பிக் காட்டறேன்" என்றார். சங்கமே டிக்கெட் எடுத்தது. கடைக்காரர்கள், அவர்கள் சம்சாரங்கள், மச்சான், மைத்துனர் எல்லாரும் போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. "கையை வீசிட்டு வந்தா மாட்டிக்குவோம். ஆளுக்கு ஒரு பெட்டி கொண்டாங்க, நல்லா கனமா இருக்கட்டும்" என்று யோசனை சொன்ன மகா புத்திசாலி நான்தான்.

ஆகவே அன்று காத்திருப்புக் கூடத்தில் நிற்க இடமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலிகள் மொத்தமும் நிறைந்து பார்த்ததில்லை. போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் பெட்டியைத் தராசில் வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சார் வச்சிருக்கீங்க உள்ள?"

"செங்கல்மா. நீதானே கனமா இருக்கணும்னு சொன்னே?"

தலையில் அடித்துக்கொண்டு சீட்டை ஒட்டினேன்.

வரிசையில் கடைசியாக என் வீட்டுக்காரர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம், கையில் ஒரு சின்னப் பை. அண்ணன் இவரையும் இழுத்து வந்துவிட்டாரா என்று ஆச்சரியமாக இருந்தது. சண்டை போட்டாலும் எனக்காக வந்து நிற்கிறாரே என்று மனசு கொஞ்சம் இளகியும் போனது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"நடிக்கறதுக்கு இவ்வளவு மேக்கப்பா?" என்றேன்.

அவர் போர்டிங் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒருவழியாக விமானம் வந்து இறங்கியது. மேலாளர் மேடம் படியிறங்கி, கூட்டத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நின்றார்.

"போன வாரம்கூட பாதி சீட்டு காலி. இன்னைக்கு என்ன திடீர்னு?"

"நேரத்துக்கு வந்தா ஜனங்க வருவாங்க மேடம்" என்றேன். அன்றைக்கே நேரத்துக்கு வரவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "காலையில வேற ஊர்ல மாட்டிக்கிச்சு. ஒரு விமானத்தை வச்சு நாலு ஊரு ஓட்டறோம். எங்கயாவது தாமதமானா கடைசி ஊர் உங்க ஊர்தான், அடி இங்கதான் விழும். நம்பி வர முடியலன்னு ஜனங்க பஸ்ஸேறிப் பெரிய ஊருக்குப் போயிடறாங்க. ஆள் குறைஞ்சா நாங்க ட்ரிப்பைக் குறைக்கறோம். குறைச்சா இன்னும் ஆள் குறையுது. எனக்கும் தெரியும்மா" என்றார். குரலில் அலுப்பு இருந்தது. அவரைத் திட்டலாம் என்று வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன்.

எல்லாரையும் ஏற்றினோம். மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அண்ணன் வெளியே வேலிக்குப் பக்கத்தில் நின்று எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்பாடா என்று மூச்சு விடப் போகும்போது கேப்டன் படிக்கட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, இவ்வளவு கனம்? வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது. உங்க ஓடுபாதையோ குட்டை. இந்த எடையோட என்னால எழும்ப முடியாது."

எங்கள் நிலையத்தில் எரிபொருள் போட வண்டி கிடையாது. திரும்பிப் போகத் தேவையானதையும் சுமந்துகொண்டுதான் விமானம் வரும். காற்று சூடாக ஆக இறக்கை தூக்குவதும் குறையும். பயிற்சியில் படித்ததுதான் எல்லாம். பாதி காலியான விமானத்தையே அனுப்பி அனுப்பி, கனம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. விமானம் காலைக் குளிர்ச்சியில் வந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்போம்.

"பெட்டியெல்லாம் இறக்கிடறேன் கேப்டன்."

"இறக்குங்க. அப்பவும் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கணும்."

செங்கல் பெட்டி உட்பட எல்லாம் தரைக்கு வந்தது. நான் உள்ளே போய் மைக்கைப் பிடித்தேன். மற்ற ஊர்களில் இப்படி யாரையாவது இறங்கச் சொன்னால் அடிதடி நடக்கும். ஆளுக்கு ஆள் சட்டம் பேசுவார்கள், அழுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் கூட்டம் என்ன செய்யும் என்று அந்த நேரத்தில் யோசிக்கவே தோன்றவில்லை.

"மன்னிக்கணும். எடை அதிகமா இருக்கறதால சில பேர் இறங்க வேண்டியிருக்கு. யாராவது விருப்பப்பட்டு..."

நான் முடிக்கவில்லை. விமானமே எழுந்து நின்றது.

"நான் இறங்கறேன்மா!" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"நீங்க உக்காருங்க சார், நான் போறேன்" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"நாங்க குடும்பமாவே இறங்கறோம், நீ கவலைப்படாதே கண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்தாள். எனக்கு உதவுகிறோம் என்று சந்தோஷமாக, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு நின்றார்கள். ஐயோ, பாவிகளா, உட்காருங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

மேடம் மெல்லத் திரும்பிப் பார்த்தார். நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போயே ஆகணும்னு இருக்கறவங்க மட்டும் உக்காந்திருங்க. மத்தவங்க எல்லாரும் இறங்கிடலாம்" என்றார் அவர்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மகன் வீட்டுக்குப் போகிற ஒரு வயதான தம்பதி, கைக்குழந்தையோடு ஒரு பெண், மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், இப்படி அங்கொருவர் இங்கொருவராகத்தான் மிச்சம் இருந்தார்கள். இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலோரத்தில் என் வீட்டுக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவரிடம் போனேன்.

"இன்னும் என்ன நாடகம்? அதான் எல்லாம் நாறிப்போச்சே. எழுந்திருங்க."

"நான் நாடகத்துக்கு வரல" என்றார். "டிக்கெட் நானே எடுத்தேன். உங்கண்ணன் எடுத்துக் குடுக்கல."

"எதுக்கு?"

"நாளைக்குக் காலையில ஒரு கம்பெனியில வரச் சொல்லியிருக்காங்க. வெல்டர் வேணுமாம். உன் தலைமை ஆபீசுக்குப் பக்கம்தான்." மடியிலிருந்த பையைத் திருகிக்கொண்டே சொன்னார். "இந்த விமானம் நின்னு போயிடும்னு எனக்கு அப்பவே தெரியும். நீ அங்க போயிட்டா நான் இங்க யார்கிட்டத் திட்டு வாங்கறது?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன்.

மேடம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவர்?" என்று கேட்டார்.

"பயணிதான் மேடம்" என்றேன். "நிஜப் பயணி."

அவர் தலையசைத்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும்தாம்மா ஓடும். என்னால வேற எதுவும் செய்ய முடியாது."

"தெரியும் மேடம்."

நான் இறங்கி, மிச்சம் இருந்தவர்களின் பெட்டிகளை மட்டும் திரும்ப ஏற்ற வைத்தேன். படிக்கட்டை இழுத்தார்கள், கதவு மூடியது. வேலியோரம் ஊரே செங்கல் பெட்டிகளோடு நின்றது. "என்னடி ஆச்சு? நான் பேசட்டுமா அந்தம்மாகிட்ட?" என்று அண்ணன் ஓடி வந்தார். போதும் அண்ணா, நீங்கள் செய்தது போதும் என்று சொல்ல நினைத்தேன். வேர்த்து விறுவிறுத்து நிற்கிற அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை.

விமானம் ஓடத் தொடங்கியது. அவ்வளவு பேரை இறக்கிவிட்டதால் பாதி ஓடுபாதை தாண்டுவதற்குள்ளேயே எழும்பிவிட்டது. ஜன்னலில் அவர் கை தெரிகிறதா என்று பார்த்தேன். கண் கூசியதில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நான் கையை ஆட்டினேன்.