வேனுக்குள் ஒரு வாடை

புஷ்பம் வாய்க்கரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தபோதுதான் வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். அரிசி அவள் கணவர் லெட்சுமணனின் உதட்டில் கொஞ்சமும் கன்னத்தில் கொஞ்சமுமாக விழுந்தது. முந்தாநாள் கராஜில் ஒரு காரின் பொனட்டைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நேரமிருக்கவில்லை. இப்போது மாலையும் விபூதியுமாக, யாரோ வாங்கிவந்த புதுச் சட்டையில், கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் போலப் படுத்திருந்தார்.

வாகனங்களுக்கு ஏசி செய்வதில் அம்பிட்டியவிலிருந்து கண்டி டவுன் வரைக்கும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகத்தான் இன்று ரோட்டு நெடுகக் காரும் வேனும் வந்து நின்றன. செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்குமே மனசு தாராளமாகிவிடும். ஆனால் லெட்சுமணனைப் பற்றிப் பேசியவர்கள் பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள்.

"சுத்தமான கைங்க. ஒருத்தனையும் ஏமாத்தினதில்ல" என்று வாசலில் யாரோ சொன்னது உள்ளே கேட்டது. புஷ்பம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

கலஹாவிலிருந்து வந்திருந்த லெட்சுமணனின் அண்ணன் வீரய்யாதான் எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்துகொண்டிருந்தார். மழையைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "மஹியாவ சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் கொள்ளிச்சட்டி அணையக் கூடாது. மகன் நிரோஷன் சட்டியோட பளீல் வேன்ல ஏறட்டும். கண்ணாடிய நல்லா ஏத்திக்கங்க" என்றார்.

பளீல் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அவருடையது.

"அதுக்கென்ன, வரட்டும்" என்றார் பளீல். "கண்ணாடிய ஏத்திட்டு ஏசியப் போட்டா கண்ணாடில பனிப்புகார் புடிக்காது. போன கெழம லெட்சுமணன் நானா செஞ்சு தந்த ஏசிதானே, ஐஸ் மாதிரி ஈக்கி. ஒரு நாத்தம் மட்டும் வருது. உள்ளுக்கு எலி செத்துக் கெடக்கோ தெரியா. நானாகிட்டச் சொன்னேன். சனிக்கெழம வேன கொணுவாங்க, உள்ளுக்கு ஈக்கிற கொயில பாப்பம்ண்டாரு. அதுக்குள்ள இப்பிடி ஆயிட்டு. சந்தனக்குச்சிய கொளுத்தி வச்சிட்டுத்தான் ரெண்டு நாளா ஓட்டுறேன்."

புஷ்பத்தின் கையில் மிச்சமிருந்த அரிசி தரையில் கொட்டியது. அது எலி இல்லை. அந்த வாடை எதனுடையது என்று இந்த வீட்டில் அவளுக்கும் செத்துப்போனவருக்கும்தான் தெரியும்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன பிறகு ஏசிக்குப் போடும் கேஸ் யானை விலை குதிரை விலை ஆகிவிட்டது. நம்பி வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்ப லெட்சுமணனுக்கு மனசு வரவில்லை. ஒருநாள் குசினியிலிருந்த சமையல் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். அதற்குப் பிறகு அது வீட்டுக்கு வருவதும் போவதுமாகவே இருந்தது. புஷ்பம் விறகடுப்பில் ஊதி ஊதிக் கண்ணெரிந்தாள்.

"இதுவும் அதே வேலையத்தான் செய்யுது புஷ்பம். அதவிட நல்லாவே கூல் அடிக்குது" என்றார்.

"பத்திக்கிட்டா?"

"குழாய்க்குள்ள ஓடுற கேஸ் எப்பிடிப் பத்தும்? லீக் இருந்தாத்தான் பயம். நான் பாத்துத்தானே போடுறேன்."

டேஷ்போர்டுக்கு உள்ளே ஒரு கொயில் இருக்கிறதாம். அது ஓட்டையானால் கேஸ் நேரே ஆட்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத்தான் வருமாம். அதையும் அவரே ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டு பேச்சுவாக்கில் சொன்னார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பெட்டியை மூடினார்கள். ஆம்பிளைகள் தோள் கொடுத்து, வழுக்கும் படிகளில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே மேலே ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஈர வேட்டியோடு நிரோஷன் பின்னால் போனான். உறியில் தொங்கிய சட்டிக்குள் வரட்டியும் கட்டையும் கனன்று புகைந்தன. யாரோ ஒருவர் அதற்கு மேல் குடையைப் பிடித்திருந்தார். இருபது வயதுப் பிள்ளை, டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஏசியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தொழிலே அவனுக்கு வேண்டாம் என்று சொன்னவரும் லெட்சுமணன்தான்.

புஷ்பம் எழுந்தாள். பக்கத்து வீட்டுப் பாலம்மா தோளைப் பிடித்தாள். "எங்க போற? பொம்பளைக வாசலோட நிக்கணும்."

"விடுக்கா."

"புஷ்பம், சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. கையை உதறிக்கொண்டு மழையில் படியேறினாள். சொன்னால் அவர் பெயர் போய்விடும். இன்றைக்கே, சட்டியில் நெருப்பு இருக்கும்போதே போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடுவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஆனாலும் கடைசிப் படி வரைக்கும் யோசித்தாள். பெற்றவளுக்குக் கட்டியவன் மேலும் ஆசை இருக்கத்தானே செய்யும்.

மேலே, வேனின் கதவு திறந்திருந்தது. நிரோஷன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான்.

"ஏறாத" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் வாயில் வந்தது ஒரு பொய்தான்.

"கண்ணாடிய ஏத்திக்கிட்டுக் கொள்ளிய கொண்டுபோகக் கூடாது. அவரு… அவரு கூடவே வரணும்ல. கண்ணாடிய எறக்கி வச்சுத்தான் போகணும்."

வீரய்யா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்பிடி ஒரு வழக்கம் நம்ம பக்கத்துல இல்லியேம்மா. மழை அடிச்சு நெருப்பு அணைஞ்சா அதுதான் பாவம். நீ உள்ள போ. ஏறு தம்பி."

பளீல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாவியைப் போட்டார். வேனுக்குள்ளிருந்து அந்த வாடை மெல்ல வந்தது. சந்தனத்தின் மணத்துக்கு அடியில், அழுகிய முட்டை போல. குசினியில் அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் வரும்போது வருமே, அதே வாடை.

புஷ்பம் பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். சட்டி ஆடி ஒரு தணல் ரோட்டில் விழுந்து உஸ்ஸென்று அணைந்தது.

"அத்தான், அந்த ஏசில இருக்கிறது சமையல் கேஸ்" என்றாள் வீரய்யாவிடம். "எங்க வீட்டுச் சிலிண்டர்ல இருந்து எடுத்து அவருதான் போட்டாரு. அது லீக்காவுது. எலியில்ல பளீல் அண்ணே. சாவிய எடுங்க."

பளீல் சாவியைத் திருப்பாமல் உருவினார். இறங்கி, ரோட்டோரத்து மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் எதையோ ஓதின.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் ஏறுற வேன்" என்றார் கடைசியில், அவளைப் பார்க்காமலே. "சந்தனக்குச்சி கொளுத்தினேனே."

நிரோஷன் அம்மாவைப் பார்த்தான். "அப்பாவா?" என்று கேட்டான். அவள் அவன் நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

வீரய்யா எதிர்க்கடை வாசலில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டார். ஓட்டோவுக்கு ஏசியுமில்லை, பக்கக் கண்ணாடியுமில்லை. நிரோஷன் சட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்து, குனிந்து உடம்பால் மழையை மறைத்துக்கொண்டான்.

அப்போதுதான் புஷ்பம் ரோட்டைப் பார்த்தாள். சவ வண்டிக்குப் பின்னால் வளைவு வரைக்கும் வாகனங்கள். எல்லாவற்றிலும் எஞ்சின் ஓடியது. எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே குளிரக் குளிர ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கைபட்ட வண்டிகள். எதில் எந்தக் கேஸ் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கலாமென்றால் தெரிந்தவர் முன்னால் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

முதல் காரின் கண்ணாடியை விரல் மடக்கித் தட்டினாள். அது ஒரு சாண் இறங்கியது. உள்ளே இருந்த மனுசன் அவள் கோலத்தைப் பார்த்துப் பதறினார்.

"ஏசிய நிப்பாட்டுங்க. கண்ணாடிய எறக்குங்க. அவரு சமையல் கேஸ் போட்டிருக்காரு. உங்களுக்கும் போட்டாரான்னு தெரியல. இனி வேற எடத்துல காட்டிப் பாருங்க."

அடுத்ததற்குப் போனாள். சிங்களத்தில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவரு, அவரு என்று சொல்லவேண்டியிருந்தது. ஒருவர் கோபமாக ஏதோ கேட்க வாயெடுத்து, சவ வண்டியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். யாரும் திரும்பிப் போகவில்லை.

சவ வண்டி நகர்ந்தது. ஓட்டோ அதன் பின்னால் போனது. அதற்குப் பின்னால் கார்களும் வேன்களும், கொட்டுகிற மழையில் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அவளைக் கடந்தன. கடைசிக் காரின் பின்சீட்டில், கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் காருக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்.