வடக்கு வாசலுக்கு இரண்டு பீப்பாய்

வகுப்பில் பிச்சைமுத்துவின் ஆங்கிலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திடலில் வயர்லெஸ் கருவியைக் கையில் கொடுத்தால்தான் எல்லாம் தப்பாகப் போனது. இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை வடக்கு வாசலுக்குக் கொண்டுபோகும்படி ஆங்கிலத்தில் உத்தரவு போகும். 'ரோஜர்' என்று பதில் வரும். முழுதும் கேட்டுக்கொண்டேன் என்று பொருள். பீப்பாய்கள் தெற்கு வாசலில் போய் நிற்கும்.

ஏன் என்று சாரதாதேவிக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுப் படைகளோடு கூட்டுப் பயிற்சி வரவிருந்ததால், மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே இருந்த அந்த ராணுவ முகாமில் சிக்னல் பிரிவுப் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க 1978இல் அமர்த்தப்பட்டவர் அவர்.

"தோட்டத்து மண்டை, டீச்சர்," என்றார் சார்ஜன் ஐயாவு. "இங்கிலீஷ் வரலன்னு இந்த மாற்றல் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே சமையக்கட்டுக்கு அனுப்பிடறேன்லா."

பிச்சைமுத்து வகுப்பு வாசலில் விறைத்து நின்றிருந்தான்.

சாரதாதேவி கையெழுத்துப் போடவில்லை. அவனை ஒரு வயர்லெஸ் கருவியோடு திடலின் மறுகோடிக்கு அனுப்பினார். இந்தக் கருவியில் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை பேசலாம், கேட்க முடியாது; விட்டால்தான் எதிர்முனையின் குரல் வரும். அவர் அழுத்தினார். ஒன்றும் பேசாமல், ஒலிவாங்கியின் மேல் ஒரு வெற்றுத்தாளைக் கசக்கினார். விட்டார்.

"ரோஜர்," என்றது கருவி.

அப்படியானால் பழுது ஆங்கிலத்தில் இல்லை. அவனைத் திரும்ப அழைத்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. உமக்கு என்ன விளங்கினது?"

"ஒன்னும் இல்ல."

"'ஸே அகேன்' எண்டு கேக்கத் தெரியும்தானே? பரீட்சையில எழுதினனீர். பிறகேன் கேக்கேல்லை?"

பிச்சைமுத்து சார்ஜனைப் பார்த்தான், பிறகு சாரதாதேவியை. "இவர்ட்ட திருப்பிக் கேட்டா, துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிட்டுத் திடல சுத்தணும். உங்காளுங்க அதவிட மோசம். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துல, காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு நிக்கிறப்ப, எனக்கு எந்த மர நெரைங்க, கிராணின்னு எங்கப்பா ரெண்டாந்தடவ கேட்டாரு. காது கேக்காதவனுக்கு இங்க மரம் இல்ல, போடான்னுட்டான் அந்த யாழ்ப்பாணத்தான். ஒரு வாரம் வேல குடுக்கல."

"வாய மூடுடா!" என்று பாய்ந்தார் சார்ஜன்.

சாரதாதேவியின் முகம் சிவந்தது. அவருடைய அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோப்பெங் பக்கம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர்தான். "உம்மட கோவத்தை உம்மோடயே வைச்சிரும். போய் அந்தக் கோடியில நில்லும்."

ஆனால் பழுது இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. உத்தரவு சரியாக விழாதவன் திருப்பிக் கேள்வி கேட்டால்தான் இந்த வயர்லெஸ் முறை ஓடும். இந்த முகாமில் கேள்வி என்றால் எதிர்ப்பு. கட்டளைக்கு மட்டும் எல்லாரும் கீழ்ப்படிவார்கள். அப்படியென்றால் கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கட்டளையை வைக்க வேண்டும்.

"சார்ஜன், அதே உத்தரவைக் குடுங்கோ. கடைசியில 'ரீட் பேக்' எண்டு சொல்லுங்கோ. கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும்."

"இவன்கிட்ட நான் கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேண்டாம், அதட்டுங்கோ. அது உங்களுக்கு நல்லா வரும்."

சார்ஜன் அவரை முறைத்தபடியே பொத்தானை அழுத்திக் கத்தினார். பொத்தானை விட்டார். பிறகு, இரண்டு பீப்பாய், வாசல், என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. எந்த வாசல் என்பது அதில் இல்லை. காற்றில் அந்தச் சொல் தேய்ந்துபோயிருந்தது.

"நார்த்! ரீட் பேக்!" என்று உறுமினார் சார்ஜன்.

இந்தத் தடவை முழுதும் வந்தது. பீப்பாய்கள் வடக்கு வாசலுக்குப் போயின.

"பாத்தீங்களா? கத்துனாத்தான் வேல நடக்குது," என்றார் சார்ஜன்.

சாரதாதேவி மாற்றல் தாளைக் கையெழுத்தில்லாமலே அவரிடம் திருப்பிக் கொடுத்தார். பிச்சைமுத்து சிக்னல் பிரிவிலேயே இருந்தான். எதிரே வந்தாலும் அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

மறுநாளிலிருந்து முறை இதுதான். உத்தரவு கொடுப்பவர் 'ரீட் பேக்' என்று கட்டளையிட்டு முடிப்பார். கேட்டவன் தனக்குக் கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்வான். விட்டுப்போனதை உத்தரவு கொடுத்தவரே மறுபடி சொல்வார். எல்லாம் சரியாகத் திரும்பி வந்த பிறகுதான் 'ரோஜர்'. அதையும் உத்தரவு கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.