தேய்ச்சுக் குடுத்த ரிவால்வர்

எட்வின் வாமான், வயசு இருபத்துநாலு, சொந்த ஊரு பெரு நாட்டு மலைப்பக்கம், இப்ப இருக்கிறது அமெரிக்காவுல, வயோமிங்ல, ராலின்ஸ்ங்கிற டவுனுக்கு வடக்க வாண்டா ஹாஸ்கெட்டோட ஆட்டுப்பண்ணை. ரெண்டாயிரம் ஆடு, ரெண்டு மேய்ப்பருங்க, மூணு நாயி, ஓயாத காத்து. இன்னும் மூணு வருஷம் அவன் அங்க இருக்கணும்னா முதலாளி வாண்டாம்மா விசாவ நீட்டிக்கிற காகிதத்துல கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள போடணும். இல்லன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குத்தான். தங்கச்சி நர்ஸ் படிப்பு பாதியில நின்னுடும்.

வாண்டாம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. இடுப்புல எப்பவும் ஒரு பழைய ரிவால்வர். அவங்க அப்பாவோடது. நரி வந்தா வானத்தப் பாத்து ஒண்ணு சுடுவாங்க, அவ்வளவுதான். கடையில புதுசு எத்தனையோ இருக்கு. ஆனா தீவனம் இறக்க வர்ற டிரைவரு, ஆட்டு டாக்டரு, யாரு வந்தாலும் "அதக் கொஞ்சம் கையில குடுங்களேன்"னு கேக்காம போகமாட்டாங்க. கையில வாங்கினதும் பேச்சு நின்னுடும்.

ஒரு காலத்துல கருநீலமா இருந்த இரும்பு அது. உறையில போட்டு எடுத்து, போட்டு எடுத்து, குழல் முனை வெளுத்துப்போச்சு. மத்த இடமெல்லாம் பழுப்பேறி பழைய புளி நிறம். பிடியில இருக்கிற மரம் கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்கும். சுடுறதுக்கு முன்னாடி பின்னால இழுக்குற கொக்கி, துப்பாக்கிக் குதிரைன்னு சொல்லுவாங்க, அதுமேல அவங்க அப்பா கட்டைவிரல் பட்டுப் பட்டு மழுங்கின ஒரு தடம். வாண்டாம்மா யாருகூடவாவது பேசிக்கிட்டு நிக்கும்போது அவங்க விரல் தானா போயி அந்தத் தடத்துல உக்காந்துக்கும்.

எட்வின் ஒரே ஒரு தடவை கையில வாங்கிப் பாத்திருக்கான். அவன் கைய முன்னாடியே தெரிஞ்ச மாதிரி உக்காந்துச்சு அது. அன்னைலேருந்து பைத்தியம். கூட வேலை பாக்குற ஃபெர்மின் மாமா சும்மா விடுவாரா?

"இவன் அந்தத் துப்பாக்கியப் பாக்குற மாதிரி ஒரு பொண்ணப் பாத்திருந்தா இந்நேரம் ரெண்டு புள்ளைக்கு அப்பன்."

"போங்க மாமா. அது மாதிரி ஒண்ணு வாங்கணும்னு ஆசை."

"மேய்க்க வந்த விசாவுல துப்பாக்கி வாங்க முடியாதுடா மருமவனே. கனவுல வாங்கிக்க. அங்க வரி கூட கிடையாது."

திங்கக்கிழமை வாண்டாம்மா முட்டி ஆபரேஷனுக்குப் பக்கத்து டவுனுக்குக் கிளம்பினாங்க. காலையில பனிமழையில நனைஞ்சிருந்தாங்க, ரிவால்வரும் நனைஞ்சிடுச்சு. ஆறு அறையில அஞ்சுலதான் குண்டு போடுவாங்க, குதிரைக்கு நேரா இருக்கிறது காலி, அந்தப் பக்கத்து பழக்கம் அது. அஞ்சையும் உதுத்து சட்டைப்பையில போட்டுக்கிட்டு வெத்துத் துப்பாக்கிய சமையக்கட்டு மேசையில வச்சாங்க.

"எட்டி, இதத் தொடச்சு வை. துரு புடிக்காம பாத்துக்க. வியாழக்கிழமை வந்துடுவேன்." எட்வின்ங்கிறது அவங்க வாயில எப்பவும் எட்டிதான்.

"சரிங்கம்மா. புதுசு மாதிரி வச்சிருப்பேன்."

அவங்க காதுல அது விழல. காரு ஏற்கெனவே கிளம்பிடுச்சு.

எட்வின் ஊர்ல இரவல் வாங்கின பாத்திரத்த அப்படியே திருப்பிக் குடுத்தா மரியாதை இல்ல. மணல் போட்டுத் தேய்ச்சு, வாங்கினப்ப இருந்ததவிடப் பளிச்சுன்னு குடுக்கணும். அவனுக்கு அந்தப் பழுப்பு முழுக்க துருவாத்தான் தெரிஞ்சுது. கையெழுத்து போடப்போற மகராசிக்கு இதக்கூட செய்யலன்னா எப்படி? வினிகரு எடுத்தான், கம்பி நாரு எடுத்தான். ரெண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம தேய்ச்சான். மழுங்கின தடத்துக்கு உப்புத்தாளு போட்டுச் சமமாக்கினான். மரப்பிடிக்கும் போட்டான். புதன்கிழமை பாத்தா, கல்யாணத்துக்கு வாங்கின கரண்டி மாதிரி மின்னுது. அவனுக்கு சந்தோஷம் தாங்கல. ஃபெர்மின் மாமாவக் கூப்பிட்டுக் காட்டினான்.

மாமா தொப்பியக் கழட்டிட்டாரு, சாவு வீட்டுல கழட்டுற மாதிரி.

"என்னடா பண்ண?"

"துரு எடுத்தேன் மாமா."

"துரு இல்லடா அது. அதோட தோலு. அம்பது வருஷத் தோலு. அதுக்குத்தான்டா எல்லாரும் கைய நீட்டுறாங்க. இந்தப் பளபளப்பு வேணும்னா கடைக்குப் போகமாட்டாங்களா?"

எட்வின் அப்பவே அடுப்புல தண்ணி வச்சான். அப்புறம் ரெண்டு பேரும் என்னென்னவோ செஞ்சு பாத்தாங்க. கெட்டி டீத்தண்ணியில ஊற வச்சாங்க. கடுகு விழுது தடவினா கறுக்கும்னு மாமா எங்கயோ கேட்டிருந்தாரு, அதயும் தடவினாங்க. தேமல் மாதிரி திட்டுத்திட்டா வந்துச்சு. தொடச்சா அதுவும் போச்சு. விரல் தடத்துக்கு எதத் தடவுறது? செத்தவரு விரல எங்க போயித் தேடுறது?

வியாழக்கிழமை வாண்டாம்மா ரெண்டு கம்பு ஊணிக்கிட்டு வந்து மேசைகிட்ட உக்காந்தாங்க. எட்வின் துணியில சுத்தினதப் பிரிச்சு வச்சான். அவங்க எடுத்தாங்க. கட்டைவிரல் குதிரைமேல போச்சு. தேடுச்சு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அப்புறம் நின்னுடுச்சு.

"ரொம்ப உழைச்சிருக்கியே எட்டி."

"அம்மா, எனக்குத் தெரியாதும்மா. நான் துருன்னு நெனச்சேன். திட்டுங்கம்மா."

"திட்டினா வந்துடுமா?"

"ரெண்டு அடி வேணா அடிங்க."

"முட்டிய அறுத்துட்டு வந்திருக்கேன், உன்ன எழுந்து வேற அடிக்கணுமா?" லேசா சிரிச்சாங்க. சிரிப்பு பாதியிலேயே போயிடுச்சு. "எங்கப்பா மொகம் எனக்கு சரியா ஞாபகம் இல்ல. இதுதான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாங்க. ரிவால்வர மேசை டிராயருக்குள்ள வச்சு மூடினாங்க. அந்தக் காகிதத்த எடுத்து, படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினாங்க. அவன் கேட்டது கிடைச்சிடுச்சு. கைய நீட்டி எடுக்கத்தான் முடியல. கடைசியில ஃபெர்மின் மாமாதான் மடிச்சு அவன் பையில சொருகினாரு.

இன்னைக்கு வரைக்கும் வாண்டாம்மா அத இடுப்புல கட்டல. ஆடுங்க பக்கம் நின்னு பேசும்போது கட்டைவிரல் இடுப்புக்குப் போகுது, வெறும் பெல்ட்டத் தடவிட்டுத் திரும்பி வருது. எட்வின் தினம் பாக்குறான். பாத்துட்டு ஆட்ட எண்ணுறான், எண்ணிக்கை தப்புது. இன்னும் மூணு வருஷம் பாக்கணும்.

இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, தேய்ச்சு எடுத்த தடத்த இரும்புல திரும்பக் கொண்டுவர ஏதாவது வழி தெரிஞ்சா, தயவு செஞ்சு எட்வினுக்குச் சொல்லி அனுப்புங்க.