தூணில் எழுதியிருந்த எண்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓஹையோ ஆற்றில் ஓடும் ஒரு நீராவிச் சுற்றுலாப் படகில். அதில் நான் துணை அதிகாரியாக இருந்தேன். ‘கிடைத்தது’ என்று எழுதுவது எனக்கு வசதி. ‘செய்தேன்’ என்பதுதான் சரி.

‘நான்’ என்று வைத்து மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் நல்லவளாகிவிட்டேன். ஆகவே அவளுக்கு ஆர்லீன் என்று பெயர் வைக்கிறேன். ஆர்லீனிடம் நான் இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

2

துடுப்புச் சக்கரம் கலங்கிய நீரை வாரி இறைக்க, மேல்தளத்தில் பயணிகள் —

(வேண்டாம். அது பயணிகள் பார்க்கும் படகு. சுக்கான் அறையில் இருப்பவர்களுக்குச் சக்கரம் கண்ணில் படாது. பாதத்துக்கடியில் அதிர்வாகத்தான் தெரியும்.)

சுக்கான் பிடிக்கும் லோவெலுக்குக் கண் மங்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது.

இதுதான் தொடக்கம். முப்பத்தெட்டு வருடம் ஓட்டிய ஆறு. எந்த வளைவில் மணல்திட்டு, எங்கே நீர் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனப்பாடம் செய்ய முடியாதது ஒன்றுதான்: பாலத்தின் தூணில் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும் எண்களில் நீர்மட்டத்தைத் தொடும் எண். நீருக்கும் பாலத்துக்கும் இடையே எத்தனை அடி என்று அது சொல்லும். வெள்ளம் ஏற ஏற எண் குறையும். எங்கள் புகைபோக்கிகளின் உச்சி ஐம்பத்தைந்து அடி. இடைவெளி போதாவிட்டால் அவற்றைக் கீல் வழியாகச் சாய்க்க வேண்டும்; ‘தொப்பி கழட்டுவது’ என்போம். சாய்த்தால் புகை முழுவதும் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டில் இறங்கும். அதனால் வீணாக யாரும் சாய்ப்பதில்லை.

“தூணு என்னம்மா சொல்லுது?”

“அறுபத்தொண்ணு. தொப்பியக் கழட்ட வேணாம்,” என்பாள் ஆர்லீன்.

“என் தொப்பியக் கழட்ட எவன் இருக்கான் இந்த ஆத்துல!”

3

ஆர்லீன் ஏன் வாசித்துச் சொன்னாள்? முதல் பிரதியில் ‘பரிவினால்’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தனியாகச் சுக்கான் பிடிக்கும் உரிமம் வாங்க அவளுக்கு முப்பது பயணங்களுக்குக் கையெழுத்து தேவைப்பட்டது. போடுபவர் லோவெல். அவள் கண் கொடுத்தாள், அவர் கையெழுத்துக் கொடுத்தார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் சொல்ல வந்த நாளுக்கு முந்தின நாள், தட்டைப் படகில் இரண்டு பேர் கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் பாதையிலேயே. அவர்கள் யாருடைய மனப்பாடத்திலும் இல்லை. லோவெல் நேராகப் போய்க்கொண்டிருந்தார். ஆர்லீன் பாய்ந்து ஊதுகுழல் கயிற்றை இழுத்தாள். இரண்டு கை அகலத்தில் தப்பினார்கள்.

“யாருக்கு ஊதினே?” என்று கேட்டார் லோவெல்.

“யாருக்குமில்ல. சும்மா, ஆசையா இருந்துச்சு.”

அன்றிரவு அவள் முடிவு செய்தாள்: இனி வாசிக்கப் போவதில்லை.

4

மூன்று நாள் மழைக்குப் பிறகு ஆறு வீங்கியிருந்தது. கீழே முந்நூற்று நாற்பது பேர் கோழி வறுவலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சுக்கான் அறையின் பின்பெஞ்சில், வெளியே எதுவும் தெரியாத மூலையில், கேப்டன் ஹாஸ்கெல் பிஸ்கட் ரொட்டியில் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. அங்கே போய்ச் சேர எட்டு நிமிடம். புகைபோக்கிகளைச் சாய்க்க ஆறு.

“தூணு என்னம்மா சொல்லுது?”

ஆர்லீன் பேசவில்லை.

“ஆர்லீன்?”

“நீங்களே பாருங்க, லோவெல்.”

(நீங்கள் இதை வாசிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது.)

ஹாஸ்கெல் மெல்லுவதை நிறுத்தினார். “என்ன, ரெண்டு பேருக்கும் புருஷன் பொண்டாட்டி சண்டையா?”

லோவெல் சிரித்தார். சுக்கானைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன. கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தார்.

“அறுபது இருக்கும்,” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “சரிதானே?”

தூணில் இருந்தது ஐம்பத்திரண்டு.

இப்படி ஆகும் என்று ஆர்லீன் நினைக்கவில்லை. பேசாமல் இருந்தால் அவர் மட்டும் மாட்டிக்கொள்வார் என்று நினைத்திருந்தாள். இப்போது ‘இல்லை’ என்றால் ஹாஸ்கெல் கேட்பார்: எத்தனை நாளாக? அதோடு முப்பது கையெழுத்தும் வெறும் மை.

5

ஒரு முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள். புகைபோக்கிகள் சாய்கின்றன. இருவரும் அடுத்த துறையில் பெட்டியோடு இறங்குகிறார்கள்.

இன்னொன்று: “மேகம் கறுக்குது, காத்து அடிக்கும், எதுக்கும் சாச்சிருவோம்” என்று சிரித்தபடி மணியை அடிக்கிறாள். ஹாஸ்கெல் மறுபடி மெல்லத் தொடங்குகிறார். லோவெல் நாளைக்கும் ஓட்டுகிறார். நாளைக்கும் யாராவது தட்டைப் படகில் கெளுத்தி பிடிப்பார்கள். (இதை மிக நன்றாக எழுதியிருந்தேன். அதனால்தான் கிழித்தேன்.)

நடந்தது எது என்று நான் எழுத மாட்டேன். படகு அன்றைக்குப் பாலத்தில் மோதவில்லை. இந்த மேசைக்கு மேலே என் உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நீங்கள் என்னை —

வேண்டாம். அவள் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். பாதத்துக்கடியில் சக்கரம் அதிர்கிறது. ஆறரை நிமிடம் இருக்கிறது. எண் உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. லோவெல் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார்.

“சரிதானே?”