சட்டியில் வைத்த கை

மட்டி உரிக்கும் கொட்டகையில் கணப்பு ஒன்று இருந்தது. அது முதலாளியின் அறைக்குள் இருந்தது. பெண்கள் நின்று வேலை செய்த பக்கத்தில் ஓடுகிற தண்ணீர் உறைந்துவிடாதிருக்கத் தரையெல்லாம் கல்லுப்பு தூவியிருந்தார்கள். அதன்மேல் பலகை போட்டு, ரப்பர் பூட்சுக்குள் இரண்டு ஜோடி காலுறையோடு வரிசையாக நின்றார்கள். மட்டிகள் பனிக்கட்டி மிதக்கும் உப்புத்தண்ணீரில் கிடந்தன. இடக்கையால் ஒன்றை எடுப்பது, வலக்கைக் கத்தியை ஓட்டின் விளிம்பில் செருகி ஒரு சுழற்றுச் சுழற்றுவது, சதையை வாளியில் போடுவது. வாளிக் கணக்கில்தான் கூலி என்பதால் யாரும் நிமிர்வதில்லை.

"வெர்னா, உன் ரத்தம் வாளிக்குள்ள சொட்டுது," என்றாள் பக்கத்தில் நின்ற லைடா.

வெர்னா குனிந்து பார்த்தாள். இடது கட்டைவிரலின் அடியில் கத்தி நன்றாகவே இறங்கியிருந்தது. அவள் கையைத் தண்ணீரில் அலம்பிவிட்டு ஒரு துணிக்கிழிசலைச் சுற்றினாள்.

"எப்ப வெட்டிச்சுன்னே தெரியலடி."

"தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்துமஸ்ல இருந்து உன் ரெண்டு கையும் மரக்கட்டை. நேத்து கோட்டு பட்டனை நான்தானே போட்டுவிட்டேன்."

"மெதுவாப் பேசு."

முதலாளி ஆல்டன் தாக்ஸ்டரின் அறைக்கதவு திறந்திருந்தது. அவர் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். போன குளிர்காலத்தில் ஹாட்டி என்பவள், விரல் மரத்துப்போகிறது, கத்தி நழுவுகிறது என்று அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஒரு முழுப் பன்றித்தொடையைக் கொடுத்து, வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார். ஊர் மெச்சியது. இறைச்சி தீர்ந்த பிறகும் ஹாட்டியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"ஹாட்டி அவ வாயால சொன்னா, போச்சு," என்றாள் லைடா. "நீ டாக்டர் வாயால சொல்ல வை. ஐஸ் தண்ணியில நின்னு நின்னு வந்த நோவுன்னு அவர் சொல்லிட்டா இன்ஷூரன்ஸ்காரன் குடுத்துத்தான் ஆகணும். செவ்வாய்க்கிழமை போறதானே?"

"சொல்லி வச்சிருக்கேன்."

"போய் அங்க நின்னுட்டு பல்வலி, காதுவலின்னு மழுப்பிட்டு வந்துடாத."

வெர்னா அடுத்த மட்டியை எடுத்தாள். கடலோரச் சேறு இறுகி உறைந்து கிடந்தது. அவள் புருஷன் மெரில் அதில் மட்டி தோண்டுகிறவன். தோண்டும் கவைக்கருவி மண்ணில் இறங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். பனி இளகும் வரை அவள் கூலியில்தான் இரண்டு வயிறு நிறைய வேண்டும். டாக்டர் சொல்லிக் காப்பீடு கிடைத்துவிட்டால் கைக்கு ஓய்வு கிடைக்கும், வீட்டில் அடுப்பும் எரியும். அதற்கு முன்னால் விஷயம் முதலாளி காதுக்குப் போனால் பன்றித்தொடைதான்.

அந்தச் சனிக்கிழமை சௌடர் என்கிற மட்டி சூப் விருந்து. குளிர்காலத்தில் ஒரு நாள் தாக்ஸ்டர் ஊருக்குப் போடுகிற சாப்பாடு அது. மட்டியும் டின் பாலும் அவர் தருவார். வெங்காயம் உரிப்பதும் உருளைக்கிழங்கு நறுக்குவதும் ஆக்குவதும் பாத்திரம் கழுவுவதும் கொட்டகைப் பெண்கள். லீவு நாள் என்பதால் அதற்குக் கூலி கிடையாது. ஆனாலும் சுவரில் கட்டுகிற துணியில் தாக்ஸ்டர் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கும்.

வெர்னாவின் சௌடருக்கு ஊரில் பெயர் உண்டு. உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பைப் பொன்னிறமாக உருக்கி, அதில் வெங்காயத்தை வதக்கி, கிழங்கை மட்டி வெந்த சாற்றிலேயே வேகவிடுவாள். கடைசியில் மட்டி, பிறகு பால், வெண்ணெய். ஆக்கிய அன்றே பரிமாற மாட்டாள். ஓர் இரவு குளிரில் வைத்துவிட்டு மறுநாள் மெல்லச் சூடாக்கினால்தான் சாறு கெட்டியாகி ருசி சேரும். அங்கேதான் கண்டம். பால் சேர்ந்த பிறகு கொதி வந்துவிட்டால் திரிந்துவிடும். அதற்கு அவள் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவள் அல்ல. சட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஒட்டி வைப்பாள். கை தாங்காமல் தானாக விலகுகிற நேரம் தீயை அணைக்க வேண்டிய நேரம். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், அந்தக் கரையில் பாதிப் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஊர்க் கூடத்தை ஒட்டிய சமையலறையில் ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஊரே பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்து, பூட்சுகளைத் தட்டி, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. வெர்னா பெரிய எனாமல் சட்டியை அடுப்பில் ஏற்றித் தீயைச் சிறிதாக்கினாள். சிறிதாக்கியதாகத்தான் நினைத்தாள். குமிழைத் திருகிய விரல்களுக்கு அது எவ்வளவு திரும்பியது என்று தெரியவில்லை.

தாக்ஸ்டர் அங்கேயே வந்துவிட்டார். தலையில் பனி ஒட்டியிருந்தது.

"வாசனை தெருமுனை வரைக்கும் வருது, வெர்னா. எங்க வீட்டம்மாவுக்கு நீ இதைச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"சொல்லித்தான் குடுத்தேன், ஆல்டன். அவங்க தக்காளி போடணும்னாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் பாவத்தை நான்தான் தின்னேன். மெரில் எப்படி இருக்கான்?"

"சும்மா இருக்கறது அவருக்குப் பழக்கமில்ல. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேருமா எப்படி இருக்கோம்னு கேளுங்க."

பேசிக்கொண்டே அவள் இடது உள்ளங்கையைச் சட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தாள். முதலாளி பேசும்போது முகத்தைத் திருப்புவது மரியாதையில்லை. அவர் புதுப் படகைப் பற்றிச் சொன்னார். மூடியின் ஓரத்தில் ஆவி கிளம்பியது. அவள் கை அங்கேயே இருந்தது. அவர் பேச்சு பாதியில் நின்றது. அவர் பார்வை அவள் கையில் இருந்தது. பிறகு படகின் நீளத்தைப் பற்றி மீண்டும் பேசத் தொடங்கினார்.

கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்த லைடாவும் பார்த்தாள். கிண்ணங்களை மேஜையில் போட்டுவிட்டு ஓடிவந்து வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மூடியைத் தள்ளினாள். சட்டி முழுக்கத் தளதளவென்று கொதித்து, பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது. மேலே வெண்ணெய் தனியே பிரிந்து நின்றது.

வெர்னா சட்டியைத்தான் பார்த்தாள். பிறகு கையைத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, நடுவில் தோல் வெளுத்து எழும்பிக்கொண்டிருந்தது.

"நான்தான் தீயைக் கூட்டினேன்," என்றாள் லைடா சட்டென்று. "ஆறிப்போச்சோன்னு நினைச்சு கூட்டிட்டேன். அவமேல தப்பில்ல."

"பால் கெடக்குது, விடு," என்றார் தாக்ஸ்டர். வெர்னாவின் கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "வலிக்குதா வெர்னா?"

இல்லை என்று சொன்னால் திங்கட்கிழமை வேலை இல்லை.

"வலிக்குது," என்றாள் வெர்னா. "ரொம்ப எரியுது."

"எரியத்தானே செய்யும்."

அவர் அவளைத் தோளோடு அணைத்துக் கூடத்துக்கு நடத்திப் போனார். முதல் பெஞ்சில் டாக்டர் ஸ்டைல்ஸ் கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு கரண்டியோடு காத்திருந்தார். சுற்றுவட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான் டாக்டர்.

"டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்க," என்று தாக்ஸ்டர் கூடம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். "நமக்கெல்லாம் சௌடர் சூடாக்கறேன்னு கையைச் சுட்டுக்கிட்டா. சட்டியில வச்ச கையை எடுக்கவே இல்ல. நான் பக்கத்துலயே நின்னேன்."

கூடத்தில் ஐயோ பாவம் என்று முனகல் எழுந்தது. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"சூட்டுக்காயம். பெருசுதான். வெண்ணெய் கிண்ணெய் தடவாத, மருந்து குடுத்தனுப்பறேன். ஒரு மாசம் தண்ணில படக்கூடாது. செவ்வாய்க்கிழமை வர்றதா இருந்தியே, அதுக்கு அவசியமில்ல. இங்கயே பார்த்தாச்சு."

இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும் என்று வெர்னா நினைக்கவில்லை. ஆனால் இனி மறைக்கவும் எதுவும் மிச்சமில்லை.

"விரலெல்லாம் மரத்துப்போயிருக்கு, டாக்டர்."

"இவ்வளவு ஆழமாச் சுட்டா மரக்கத்தான் செய்யும். நாளாகும், உணர்ச்சி திரும்பிடும்."

"அவளுக்கு இது இன்னிக்கு வந்ததில்ல," என்றாள் பின்னால் வந்த லைடா. "கிறிஸ்துமஸ்லேர்ந்தே ரெண்டு கையும் இப்படித்தான். கொட்டகையில வந்தது. மரத்துப்போனதாலதான் சுட்டதே."

டாக்டர் வெர்னாவைப் பார்த்தார். தாக்ஸ்டர் லைடாவின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"லைடா, தீயைக் கூட்டினது நீதானேம்மா? இப்பத்தானே சொன்ன. மனசு கஷ்டமாத்தான் இருக்கும், யாரும் உன்னைக் குத்தம் சொல்லல." பிறகு வெர்னாவிடம் கேட்டார். "வலிக்குதுன்னு நீதானே சொன்ன வெர்னா? மரத்த கை வலிக்குமா?"

வெர்னா தலை குனிந்தாள்.

"சரி, விடுங்க, பாவம்," என்றார் டாக்டர். சமையலறையிலிருந்து கிண்ணங்கள் வரத் தொடங்கியிருந்தன.

தாக்ஸ்டர் தன் கைக்குட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் சுற்றி முடிச்சுப் போட்டார். கை ஆறும் வரை வீட்டில் இருக்கும்படி சொன்னார். நாளைக்கே பன்றித்தொடை ஒன்று அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். பின் பெஞ்சில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

திரிந்த பாலை யாரும் பெரிதுபடுத்தவில்லை. உப்பு பிஸ்கோத்தை நொறுக்கிப் போட்டு, ருசி மாறவில்லை என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஆளாளுக்குக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, முகத்தில் ஆவி பட, விரல்களுக்குச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். வெர்னாவை பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்து, அவளுக்கும் ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி வைத்தார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது.

அவளும் மற்றவர்களைப் போல, கட்டுப்போடாத கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லைடா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கிண்ணத்தை எட்டத் தள்ளி வைத்தாள்.